இரங்கல் பட்டியல்

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்பு தொடங்கியது.

நோரீன் பென்சிலை எடுத்தாள். சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், பழைய தபால் உறை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். கவுண்டி மன்றத்தில், அதாவது மாவட்ட மன்றத்தில், கூட்டப் பிரிவு அவள் பொறுப்பு. மாதக் கூட்டத்தில் வாசிக்கிற இரங்கல் பட்டியல் இந்த மேசையில்தான் உருவாகும். அறிவிப்பாளர் பெண் எல்லாப் பெயர்களையும் ஒரே தாளத்தில் சொல்வாள். பெயர், ஊர், உடல் வைத்திருக்கும் இடம், திருப்பலி நேரம். நோரீன் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதுவாள்.

அன்று மூன்று பெயர். முதலாவது தாமஸ் மொல்லாய், எண்டா வரிசை. இதே தெருவில் நாலாம் எண் வீட்டுக் கிழவர். ஒரு மாதமாகப் படுக்கை. இரண்டாவது, தீவுப் பக்கத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தி. மூன்றாவது பெயருக்கு முன் அறிவிப்பாளர் மூச்சு வாங்கினாள்.

"டெலியா மோங்கன், குவாரி சாலை. வயது நான்கு. வின்னியின் அன்பு மகள்..."

எதிரே உட்கார்ந்திருந்த கணவன் கோல்மனின் கை நீண்டு ஒலியைக் குறைத்தது. அணைக்கவில்லை. குறைத்தது.

"முட்டை ஆறுது," என்றான்.

அவள் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது.

"அத எழுதப் போறியா?"

"பேரு சொன்னாங்க. எழுதறேன்."

"நோரீன்."

"என்ன?"

"எழுதறதுக்கு முந்தி யோசி. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் எழுதினாள். அவன் முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டி உடைத்தான். வானொலியில் பன்றி விலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அது சரியாகக் காதில் விழாத அளவுக்கு ஒலி தாழ்ந்திருந்தது.

எண்டா வரிசையில் இருபத்தெட்டு வீடுகள். எல்லாம் மன்றம் கட்டியவை. ஒன்பதாம் எண் ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சன்னல்களுக்கு மன்றத்து ஆட்கள் இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். வின்னி மோங்கன் ஏழு வருடமாக வீடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகப் போய் வாழ்ந்த டிராவலர் குலத்துப் பெண். தாத்தன் காலத்தில் குதிரை வண்டி, இப்போது கேரவன். குவாரி சாலை ஓரத்தில் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் இங்கிலாந்தில் சாலை வேலை. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக் குழாய். போன ஏப்ரலில் வீட்டுப் பிரிவு ஒன்பதாம் எண்ணுக்கு நேரே அவள் பெயரை எழுதியது. அன்று சாயங்காலமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கோல்மன் ஒரு தாளை அட்டையில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனான்.

அறுபத்திரண்டு கையெழுத்து. அந்தத் தாளில் டிராவலர் என்ற சொல்லே கிடையாது. வண்டிகள் அதிகமாகும் என்று இருந்தது. சாக்கடை தாங்காது என்று இருந்தது. பிள்ளைகள் விளையாடும் தெரு என்று இருந்தது. வின்னியின் பிள்ளைகளும் பிள்ளைகள்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சட்டப்படி எந்த வீடு யாருக்கு என்பது அதிகாரிகள் பாடு. உறுப்பினர்களுக்கு அதில் வாக்கு இல்லை. ஆனால் ஓர் உறுப்பினர் கேட்டால் விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏறும், ஏறியது எளிதில் இறங்காது. நிரலில் இருக்கும் வரை அதிகாரி சாவியைத் தொடமாட்டார். ஒன்பதாம் எண் வீடு மே மாதம் நிரலில் ஏறியது, பொருள் எண் பதினொன்று. சாக்கடைக்கு அறிக்கை வரட்டும் என்றார்கள். அறிக்கை வந்தது, சாக்கடை தாங்கும். வண்டி நிறுத்த இடத்துக்கு அறிக்கை கேட்டார்கள். அதுவும் வந்தது. குழந்தைக்கு நெஞ்சில் கோளாறு, ஈரமில்லாத இடம் உடனே வேண்டும் என்று மருத்துவர் எழுதிய கடிதமும் வந்தது. ஒரு தடவைகூட யாரும் கூடாது என்று சொன்னதில்லை. யாரும் குரலை உயர்த்தியதில்லை. ஒவ்வொரு மாதமும் நோரீன் அதே வரியை எழுதினாள். குடியிருப்போர் கவலைகள் குறித்துக்கொள்ளப்பட்டன. பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மருத்துவர் கடிதத்துக்குக் கீழே, கடிதம் பதிவு செய்யப்பட்டது.

கல்லறைத் தோட்டத்துக் குழாயும் ஒரு கவலைதான். கல்லறைக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று அக்டோபரில் ஒரு முறையீடு வந்தது. பொறியாளர் போய்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதற்கு அறிக்கை தேவைப்படவில்லை.

*

குழந்தையின் அடக்கம் முடிந்த நாலாம் நாள் வின்னி மன்ற அலுவலகத்துக்கு வந்தாள்.

மாதா மாதம் வருகிறவள்தான். இடுப்பில் பிள்ளையோடு வருவாள், கூட்டத்தில் பொதுமக்கள் வரிசையில் கடைசியில் உட்காருவாள், பதினொன்று ஒத்திவைக்கப்பட்டதும் எழுந்து போவாள். அன்று இடுப்பில் யாரும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே இருந்த பலகையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். கூந்தலை இறுக்கிப் பின்னியிருந்தாள். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

நோரீன் துக்கம் சொன்னாள். வின்னி தலையை அசைத்தாள்.

"அம்மா, திங்கக்கெழம கூட்டந்தானே?"

ஆமாம் என்றாள் நோரீன்.

"மொதல்ல செபம் சொல்வீங்க. அப்பறம் செத்தவங்க பேரு வாசிப்பீங்க."

"ஆமா."

"பத்து மாசம் உக்காந்து கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நானும் எந்திரிச்சு நின்னேன், புள்ளையத் தூக்கிக்கிட்டு. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. ஒருத்தரும் என்னைய வாசல்ல நிக்க விட்டிருக்க மாட்டாங்க. ஆனாலும் நின்னேன்."

நோரீன் வீட்டைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். வின்னி நடுவிலேயே தலையை ஆட்டினாள்.

"வீட்டப் பத்தி நான் கேக்க வரல. அவளுக்கு இனிமே வீடு எதுக்கு. பேர மட்டும் சொல்லுங்க. அந்த ரூம்ல, அவங்க வாயால. எம்புள்ளைக்கும் ஒரு நிமிசம் எந்திரிச்சு நிக்கட்டும்."

தலைவரைக் கேட்க வேண்டும் என்று நோரீன் சொன்னாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பெயருக்கும் அவள் தலைவரைக் கேட்டதில்லை. வானொலி சொல்லும், அவள் எழுதுவாள், தட்டச்சடித்த தாளைத் தலைவர் முன் வைப்பாள், அவர் வாசிப்பார். செத்தவன் குடிகாரனா, மன்றத்தின் மேல் வழக்குப் போட்டவனா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு தடவை உயிரோடு இருந்தவனுக்கே இரங்கல் நிறைவேற்றியிருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே ஊர். செத்தது அவன் சித்தப்பன் மகன். மறுவாரம் அவன் நேரில் வந்து, எல்லாரும் எழுந்து நின்றார்களா என்று விசாரித்தான். நின்றார்கள் என்றதும் சந்தோஷமாகத் திரும்பிப் போனான்.

*

தலைவர் மலாக்கி ஸ்காஹில் அடக்கச் சேவைக் கடை வைத்திருக்கிறவர். அவருடைய அப்பாவும் அதே தொழில், அதே வட்டாரத்து உறுப்பினர். கவுண்டியில் பாதிப் பேரைப் புதைத்த குடும்பம். மீதிப் பாதி அவருக்கு வாக்குப் போடும்.

நோரீன் வெள்ளிக்கிழமை கடைக்கே போனாள். பின்கட்டில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டி ஒன்றுக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தார். மொல்லாய்க் கிழவரின் அடக்கம் நல்லபடி முடிந்ததையும், மழை பொறுத்துக்கொண்டதையும் பேசினார்கள். பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள்.

மலாக்கி திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கொழந்தையோட பெட்டி நான் செஞ்சதுதான், தெரியுமா? வெள்ளப் பெட்டி. வண்டியில ஏத்தல. நானே கையில தூக்கிட்டு நடந்தேன், குழி வரைக்கும். இவ்வளவுதான் இருக்கும் கனம்." கையை நீட்டிக் காட்டினார். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"அப்ப பேர வாசிக்கறதுல என்ன?"

"அது என் தொழில், நோரீன். இது மன்றம்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். பொருள் பதினொன்று நிலுவையில் இருக்கிறது. அதே தாளில், அதே கூட்டத்தில், அந்தப் பெயரும் வந்தால் மன்றம் தன்னை நோக்கித் தானே விரல் நீட்டியதாக ஆகும். வழக்கறிஞரும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார். தெருக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைக் குத்திக்காட்டியதுபோல இருக்கும்.

"அடுத்த மாசம் பாப்போம்," என்றார். "சூடு கொஞ்சம் ஆறட்டும்."

"செத்ததுக்குமா ஒத்திவைப்பு?"

மலாக்கி அவளைப் பார்த்தார். கோபமில்லை. அளவெடுக்கிற பார்வை. தொழிலில் பழகிய பார்வை.

"நீயும்தானே கையெழுத்துப் போட்ட," என்றார். "நாலாவது பேரு. நான் அதப் பத்தி யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் படி இறங்கி வந்தாள். ஏப்ரலில் ஒரு மாலை அது. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. கோல்மன் அட்டையை நீட்டினான். எல்லாரும் போடுகிறார்கள், நம்ம வீடே விட்டுப்போனால் நன்றாகவா இருக்கும் என்றான். மன்றத்தில் வேலை செய்கிறவள் போடக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு நீளும். கிழங்கு குழைந்துவிடும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதில் வெறுப்பு ஏதும் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

*

பிப்ரவரிக் கூட்டத்தின் குறிப்பை அவள் இன்னும் முடிக்கவில்லை. மன்றத்துக் கூட்டங்கள் ஒலிப்பதிவாகும். அதைக் காதில் மாட்டிக் கேட்டுத்தான் குறிப்பு எழுதுவாள். அன்று பிற்பகல் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவை ஓட்டினாள்.

சாலைப் பள்ளம். தெருவிளக்கு. நாய்த் தொல்லை. பொருள் பதினொன்று. மலாக்கியின் குரல், "குடியிருப்போரின் கவலைகளை..." அதற்கு அடியில் ஓர் இருமல்.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். சின்ன இருமல், ஈரமானது. மூன்று தடவை வந்து, நின்று, மறுபடி வந்தது. மலாக்கியும் கேட்டிருக்கிறார். நடுவில் நிறுத்தி, அது முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் சொல்லியிருக்கிறார், "ஒத்திவைக்கிறோம்."

நோரீன் அந்த அறையில்தான் இருந்தாள். நாலைந்து வரிசை தூரம். அவள் காதில் விழவில்லை. அல்லது விழுந்தது, குறிப்பில் எழுதுகிற விஷயமாக அது இல்லை.

சனவரிப் பதிவை எடுத்தாள். இருந்தது. டிசம்பர், நவம்பர். அக்டோபரில் வறட்டு இருமலாக, எப்போதாவது ஒன்று. செப்டம்பரில் இல்லை. மே மாதத்தில் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. சாக்கடை அறிக்கை பற்றி ஓர் உறுப்பினர் பேசுகிற நேரம் முழுவதும் அடியில் அந்தப் பாட்டு. தாய் உஷ் என்றதும் நின்றது.

எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டாள். பாட்டிலிருந்து இருமல் வரை. பத்து மாதம், ஒரு பிற்பகல். ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் எழுதிய அதே வரி.

காதிலிருந்து கழற்றி வைத்தாள். வெளியே நகல் எடுக்கும் இயந்திரம் ஓடியது. அதிலும் அந்த இருமல் கேட்டது. வீட்டுக்கு நடந்தபோது ஒன்பதாம் எண்ணைத் தாண்ட வேண்டியிருந்தது. காற்றுக்குக் கதவின் தபால் துளை மூடி அடித்துக்கொண்டது. மூன்று தடவை. பிறகு நின்றது. அவள் வேலியருகே நின்றாள், மறுபடி வருகிறதா என்று. எதிர்வீட்டுப் பெண் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். கையை அசைத்தாள். நோரீனும் அசைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் கோல்மனிடம் மலாக்கியைப் பார்க்கப் போனதைச் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அந்தப் புள்ள செத்ததுக்கு நான் காரணமா?" என்றான்.

"நான் அப்படிச் சொல்லல."

"நிமோனியா. ஆஸ்பத்திரியில செத்துச்சு. வீட்டுல இருக்கற புள்ளைங்களுக்கும் வருது."

"வருது."

"பின்ன என்னதான் சொல்ல வர்ற?"

அவள் யோசித்தாள். "நீன்னு இல்ல, நாமன்னு சொல்லிப் பாக்கறேன்," என்றாள்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தான். நல்ல மனிதன். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அடுப்புக் கரி சுமந்து கொடுக்கிறவன். மொல்லாய்க் கிழவரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். இந்தத் தெருவில் யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் போய் நிற்கிறவன். தெரு எங்கே முடிகிறது என்பதில்தான் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"திங்கக்கெழம நாங்க எல்லாரும் வர்றோம்," என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே. "மொல்லாய் பேரு வாசிக்கறப்போ தெருக்காரங்க இருக்கணும்ல."

*

திங்கட்கிழமை பிற்பகல் இரண்டரை. கூடம் நிறைந்திருந்தது. பொதுமக்கள் பகுதியில் முதல் இரண்டு வரிசையும் எண்டா வரிசைக்காரர்கள். மொல்லாயின் மகள் கறுப்பு உடையில் நடுவில் இருந்தாள், கோல்மன் அவளுக்குப் பக்கத்தில். வின்னி கடைசியில், வழக்கமான இடத்தில். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. அது எப்போதும் உள்ளதுதான்.

தலைவர் தன்னிடம் சொன்னதை நோரீன் வின்னியிடம் சொல்லவில்லை. வின்னியும் கேட்கவில்லை. உள்ளே வரும்போது ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

செபம் முடிந்தது. நோரீன் தாளைத் தலைவர் முன் வைத்தாள். பதினேழு பெயர், குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில், ஒற்றைப் பக்கம். மலாக்கி கண்ணாடியை மாட்டினார். அவர் பட்டியலை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிறவர் இல்லை. எந்தத் தலைவரும் பார்த்ததில்லை. செபமாலை சொல்வதுபோல ஒரே இழுப்பில் வாசிப்பார்கள். ஒரு பெயர் வாயில் இருக்கும்போதே கண் அடுத்த பெயருக்குப் போயிருக்கும்.

"பிரைடி லாவெல், ரோஸ்கீல். மார்ட்டின் மக்ஹேல், தூறின். தாமஸ் மொல்லாய், எண்டா வரிசை. டெலியா மோங்கன்..."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கேட்டது அவருக்கு. வாய் திறந்தபடி இருந்தது. தாளிலிருந்து கண்ணை எடுத்து நோரீனைப் பார்த்தார். அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. தாளில் அந்தப் பெயருக்கு நேரே இன்னும் இரண்டு சொல் இருந்தது. அதை விட்டுவிடலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடலாம். மலாக்கி தாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"வயது நான்கு," என்று வாசித்தார்.

அதற்குப் பிறகு இருந்த பெயர்களை அவர் மெதுவாக வாசித்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக. முதன்முறையாக அவை மனிதர்களின் பெயர்கள் மாதிரி இருந்தன.

"எழுந்து நிற்போம்," என்றார்.

உறுப்பினர்கள் எழுந்தார்கள். முப்பது நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. முன்வரிசை ஒரு கணம் தயங்கியது. அவர்கள் மொல்லாய்க்காக வந்தவர்கள்; உட்கார்ந்தால் மொல்லாய்க்கு உட்கார்ந்ததாக ஆகும். கிழவரின் மகள் முதலில் எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். கோல்மன் கடைசி. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

வின்னி எழவில்லை.

பத்து மாதம் எழுந்தவள், அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபது எழுபது முதுகுகளுக்குப் பின்னால் அவள் முகம் நோரீனுக்கு மட்டும் தெரிந்தது. அழவில்லை. எண்ணிக்கொண்டிருப்பவள் மாதிரி இருந்தாள். அந்த ஒரு நிமிடமும் நோரீன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் யாரும் இருமவில்லை.

பொருள் எண் பதினொன்று ஐந்து மணிக்கு வந்தது. எல்லா அறிக்கைகளும் வந்துவிட்டன என்று வீட்டுப் பிரிவு அதிகாரி சொன்னார். தெருவின் சார்பாக ஓர் உறுப்பினர் எழுந்தார். முதலில் அந்தத் தாய்க்குத் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு ஒன்பதாம் எண் வீட்டின் பரணில் வௌவால்கள் இருப்பதாகக் குடியிருப்போர் கவலை தெரிவித்திருக்கிறார்கள் என்றார். வௌவால் குடியிருக்கிற இடத்திலிருந்து அதை எழுப்பச் சட்டம் இடம் கொடுக்காது. ஆய்வு செய்ய வேண்டும். வெயில் காலத்தில்தான் ஆய்வு செய்ய முடியும். மே மாதத்துக்கு முன் ஆகாது.

மலாக்கி யாரையும் பார்க்கவில்லை. வேறு கருத்து உண்டா என்று கேட்டார். இல்லை. நோரீன் எழுதினாள். குடியிருப்போர் கவலைகள் குறித்துக்கொள்ளப்பட்டன. பேனா அங்கே நின்றது. கை தானாகவே மீதியையும் எழுதியது.

*

கூட்டம் கலைந்ததும் மலாக்கி அவள் மேசையருகே வந்தார். தட்டச்சில் தவறிப்போய் வந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

"இல்ல," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கெழமைக்குள்ள எழுத்துல விளக்கம் கேப்பாங்க. நான் தடுக்க முடியாது."

"குடுக்கறேன். கையெழுத்துப் போட்டதையும் சேத்தே எழுதறேன்."

அவர் ஏதோ சொல்ல வந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தெருக்காரர்கள் கதவு வழியாகக் கும்பலாக வெளியேறினார்கள். கோல்மன் அவளைத் தாண்டிப் போனான். வண்டியில் அவளுக்காகக் காத்திருப்பானா என்று தெரியவில்லை. மொல்லாயின் மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததோடு சரி.

கூடத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். வின்னி வரிசைகளுக்கு நடுவில் நடந்து வந்து மேசைக்கு எதிரே நின்றாள்.

"எல்லாரும் நின்னாங்க," என்றாள்.

"ஆமா."

"முன்னால இருந்தவங்களும்."

"ஆமா."

"நான் நிக்கல."

"பாத்தேன்."

"நான் எதுக்கு நிக்கணும்." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வயசுன்னு சொன்னாரு. அதச் சொல்லுவாருன்னு நான் நெனைக்கல. நீங்கதானம்மா எழுதினீங்க?"

நோரீன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இந்த மாதிரி நேரத்தில் பேசத் தெரிந்தவள் இல்லை அவள். வேலை செய்யத் தெரிந்தவள். இரங்கல் நிறைவேறினால் பத்து நாளுக்குள் குடும்பத்துக்கு மன்றத்து முத்திரையோடு கடிதம் போக வேண்டும். நல்ல கனமான தாள். பலர் அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைப்பார்கள். அதை இவளுக்குத் தானே எழுத வேண்டும், கையாலேயே எழுத வேண்டும் என்று நோரீனுக்குத் தோன்றியது. பதிவேட்டைத் திறந்தாள். டெலியா மோங்கன் என்று எழுதினாள். உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டதுபோல, அதே மெல்லிய குரலில், பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு மன்றத்துலேருந்து ஒரு கடிதம் வரும், வின்னி. எந்த வீட்டு முகவரிக்கு அனுப்பட்டும்?"